பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா? பைக் ஃபியூயல் கேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர், அப்பாச்சி, எஃப்இசட் என்று நம் தெருவில் தினமும் ஓடுகிற பைக்குகளை மனதில் வைத்து எழுதியது இது. முள் வைத்த பழைய மீட்டர், கோடு கோடாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இரண்டுக்கும் பொருந்தும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் அளவு தப்பாகக் காட்டினால் பலரும் உடனே மீட்டர் செட்டையே மாற்றிவிடுகிறார்கள், அதற்குப் பல ஆயிரம் ஆகும். பழுது பெரும்பாலும் டேங்க்குக்குள் இருக்கும் ஃப்ளோட்டிலோ அதன் வயர் கப்ளரிலோதான் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) இருக்கும். பத்து நிமிடம் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும், அதற்குப் பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

முள்ளை நகர்த்துவது எது?

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஸ்பேர்ஸ் கடையில் ஃப்ளோட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். மெல்லிய கம்பியின் நுனியில் மாட்டியிருக்கும் அது பெட்ரோலோடு சேர்ந்து ஏறி இறங்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும், அது ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசிக்கொண்டே நகரும். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து தடை கூடும், குறையும். அந்தத் தடை வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்பதைத்தான் மேலே மீட்டர் முள்ளாகவோ கோடாகவோ காட்டுகிறது. மீட்டருக்குப் பெட்ரோலைப் பற்றி வேறு எதுவும் தெரியாது.

ஆக, சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: ஃப்ளோட், வயரும் கப்ளரும், மீட்டர். நான் இந்த வரிசையில்தான் சந்தேகப்படுவேன்.

முள் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே எங்கே பழுது என்று ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு நன்றாகவே முடியும்.

எவ்வளவு பெட்ரோல் போட்டாலும் முள் காலியிலேயே கிடக்கிறது என்றால், வயர் அறுந்திருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம், இல்லையென்றால் ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து அது டேங்க்கின் அடியில் முங்கிக் கிடக்கலாம். மாறாக எப்போதும் ஃபுல்லிலேயே நிற்கிறது என்றால் சிக்னல் வயரின் தோல் உரிந்து ஃபிரேமில் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது ஃப்ளோட் கம்பி மேலேயே மாட்டி நிற்கும். டேங்க்கைக் கழற்றி மாட்டிய பிறகு இது ஆரம்பித்தது என்றால் டேங்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வயர் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும், அரை டேங்க் வரும்போது என்று வைத்துக்கொள்வோம், முள் திடீரென்று விழுந்து, இன்னும் கொஞ்சம் ஓடியதும் தானாக எழுந்துகொண்டால் அது பட்டை தேய்ந்ததன் அறிகுறி. தினமும் நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் மட்டுமே பெட்ரோல் போடுபவர்களின் வண்டியில் பட்டையின் கால் டேங்க் பகுதிதான் அதிகம் உரசப்படுகிறது, அதனால் அங்கேதான் முதலில் தேயும்.

முள் நடனம் ஆடினால் கப்ளரையும் எர்த்தையும் பாருங்கள். இதில் ஒரு நல்ல துப்பு இருக்கிறது: இண்டிகேட்டர் போட்டதும் அது மின்னும் தாளத்துக்கே முள்ளும் துடித்தால் ஃப்ளோட்டைத் தொடவே வேண்டாம், பேட்டரி பலவீனமாக இருக்கிறது அல்லது மீட்டரின் எர்த் சரியில்லை.

ஃபுல் டேங்க்கில் சரியாகக் காட்டி, பாதி இருக்கும்போதே காலி என்று சொன்னால் ஃப்ளோட் கனத்துப்போயிருக்கலாம், கம்பி வளைந்திருக்கலாம்.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் கிடையாது. ஃப்ளோட்டா மீட்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட்டைக் கழற்றுங்கள். டேங்க்கின் அடியிலிருந்து வரும் இரண்டு அல்லது மூன்று வயர் ஒரு கப்ளரில் முடியும். பல வண்டிகளில் டேங்க்கின் பின்பக்க போல்ட்டை மட்டும் எடுத்துச் சற்றே தூக்கினால் கைக்கு எட்டிவிடும். சாவியை ஆஃப் செய்துவிட்டு கப்ளரைப் பிரியுங்கள், வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும்.

இப்போது சாவியை ஆன் செய்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் காலிக்குப் போகும். அப்புறம் சாவியை ஆஃப் செய்துவிட்டு, மீட்டருக்குப் போகும் பக்கத்துக் கப்ளரில் (டேங்க் பக்கம் இல்லை) இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணையுங்கள். மறுபடி சாவியைப் போட்டால் முள் ஃபுல்லை நோக்கி ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் சரி, நடுவில் வரும் வயரும் சரி, பழுது டேங்க்குக்குள்தான். பார்த்ததும் உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள், நிமிடக் கணக்கில் அப்படியே விட்டால் மீட்டருக்கு நல்லதல்ல.

முள் அசையவே இல்லை என்றால் வயரையோ மீட்டரையோ சந்தேகிக்கலாம். அப்போதும் மீட்டர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், ஒரு படி மிச்சம் இருக்கிறது. கப்ளரின் சிக்னல் முனையை நேராக பேட்டரி நெகட்டிவ்வுடன் ஒரு வயரால் தொட்டுப் பாருங்கள். இப்போது முள் எழுந்தால் எர்த் வயர்தான் அறுந்திருக்கிறது, ஒரு புது எர்த் இழுத்தால் வேலை முடிந்தது. எது எர்த் என்று நிறம் சொல்லும்: ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுசூகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு. மூன்று வயர் இருந்தால் மூன்றாவது பெரும்பாலும் ரிசர்வ் விளக்குக்கானது, அதைத் தொடாதீர்கள். எது எதற்கு என்று நிச்சயமாகத் தெரியாதபோது பாசிட்டிவ் வயரை எர்த்தில் தொட்டு ஃபியூஸை ஊதிவிடாமல், வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டிஜிட்டல் மீட்டருக்கும் இதே சோதனைதானா?

தத்துவம் அதேதான், ஆனால் நேராக ஷார்ட் செய்யாதீர்கள். டிஜிட்டல் மீட்டர் பலவற்றில் ஃப்ளோட் வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ எல்லாக் கோடுகளும் சேர்ந்து மின்னும், அதைப் பார்த்துவிட்டு மீட்டர் போய்விட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அந்த மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது, ஃப்ளோட்டிலிருந்து சேதி வரவில்லை என்று புகார்தான் சொல்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டர்களில் 10 ஓம், 47 ஓம், 100 ஓம் என்று ஒவ்வொன்று வாங்கி, வயர்த் துண்டுக்குப் பதிலாக அவற்றை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். கோடுகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் மாறினால் மீட்டர் நலம். இன்னொரு விஷயம், டிஜிட்டல் மீட்டர் உடனே மாறாது. பெட்ரோல் அலம்பும்போதெல்லாம் கோடு ஏறி இறங்காமலிருக்க வேண்டுமென்றே தாமதமாகக் காட்டும்படி அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருக்கிறது. எத்தனை ஓம் காட்ட வேண்டும்?

பழைய ஹோண்டா பாணி ஃப்ளோட்டுகளில் டேங்க் நிரம்பியிருக்கும்போது 10 ஓமுக்குள், காலியாக இருக்கும்போது 90 முதல் 100 ஓம் வரை என்பது வழக்கமான கணக்கு. எல்லா வண்டிக்கும் இதே எண் இல்லை. சிலவற்றில் காலியின் அளவு 100 ஓமைத் தாண்டும், சிலவற்றில் தலைகீழாக நிரம்பினால்தான் தடை அதிகம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எண் இருக்கும்.

எண்ணைவிட முக்கியம், தடை எப்படி மாறுகிறது என்பது. ஃப்ளோட்டை வெளியே எடுத்த பிறகு மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, இரண்டு முனையையும் மாட்டி, கம்பியை அடியிலிருந்து மேல்வரை மெதுவாக, மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் எங்காவது திரையில் இடது ஓரம் வெறும் 1 என்று வந்தால் (சில மல்டிமீட்டரில் வேறு குறி வரும்) அந்த இடத்தில் தொடர்பு அறுகிறது என்று பொருள். வேகமாக நகர்த்தினால் இது கண்ணில் படாது, அதனால்தான் கடையில் இரண்டு முனையை மட்டும் பார்த்துவிட்டு ஃப்ளோட் ஓகே என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ஃப்ளோட்டை நானே கழற்றலாமா?

கார்ப்பரேட்டர் வண்டி என்றால், ஸ்பேனர் பிடித்த பழக்கம் இருந்தால், தாராளமாக. ஆனால் இது பெட்ரோல். மொட்டை மாடியோ வாசலோ, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுவத்தி, பீடி சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் எரியும் விளக்கைக்கூடத் தேடிப் பிடிக்கும்.

முதலில் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். பெட்ரோல் காக் எனும் வால்வை மூடி, டியூபை எடுத்து, டேங்க் போல்ட்டை அவிழ்த்து, கப்ளரைப் பிரித்துவிட்டு டேங்க்கைத் தூக்குங்கள். பெட்ரோலை மூடியுள்ள உலோக கேனில் வடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர்க் குடமும் குளிர்பான பாட்டிலும் வேண்டாம். பிறகு பழைய போர்வையை விரித்து டேங்க்கைக் கவிழ்த்து வையுங்கள், பெயிண்ட் கீறாது.

ஃப்ளோட்டைச் சுற்றி நான்கு நட்டுகள் இருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம் ஸ்பேனர் போதும். எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கழற்றும் முன்பே ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டினால் ஃப்ளோட் டேங்க்கின் சுவரில் இடித்து நிற்கும். வெளியே எடுக்கும்போது நேராக இழுத்தால் கம்பி வளைந்துவிடும். முதலில் தகட்டைத் தூக்கி, சாய்த்து, கம்பியை வளைவுக்கு வளைவு திருப்பி, கடைசியாக ஃப்ளோட்டை ஓட்டைக்குள்ளிருந்து நழுவவிட வேண்டும். எந்தக் கோணத்தில் வருகிறது என்று கையே சொல்லும், முரட்டுத்தனம் வேண்டாம்.

மாட்டும்போது கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். பழசு பார்க்க நன்றாக இருந்தாலும் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், கழற்றிய பிறகு அந்தப் பள்ளத்தில் திரும்ப உட்காராது. நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், பலத்தைக் காட்டினால் டேங்க்கில் பற்றவைத்த ஸ்டட் அறுந்துவிடும். ஒரு லிட்டர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து, அரை மணி நேரம் கழித்து ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

எஃப்ஐ வண்டி என்றால்?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை மாசு விதி வந்த பிறகு நம் பைக்குகளில் மிகப் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது. சில மாடல்களில் ஃப்ளோட் தனி, சிலவற்றில் பம்ப்போடு சேர்ந்தே வரும். பெட்ரோல் லைனில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும், டியூபைச் சும்மா பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சும். பம்ப் கப்ளரைப் பிரித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் அழுத்தம் குறையும். அதற்குப் பிறகும் டியூப் முனையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் கழற்ற வேண்டும்.

வாரண்டி இருக்கிறதென்றால் கை வைக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள், "பெட்ரோல் மீட்டர் சரியில்லை" என்று மட்டும் எழுதாமல், எந்த அளவில் எப்படிக் காட்டுகிறது என்று எழுதுங்கள்.

இந்த வண்டிகளில் முள் பழுதைத் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். அளவு தெரியாமல் அடிக்கடி வறள ஓட்டினால் பம்ப் போகும், ஃப்ளோட்டின் விலையைவிடப் பல மடங்கு செலவு அது.

ஃப்ளோட் கைக்கு வந்துவிட்டது. எதைப் பார்ப்பது?

முதலில் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் வந்தால் முடிந்தது, உள்ளே பெட்ரோல் போய்விட்டது. பஞ்சு போன்ற திட மிதவை என்றால் சத்தம் வராது, ஆனால் கனத்திருக்கும். ஒரு டப்பாவில் பெட்ரோல் ஊற்றி மிதக்கவிட்டால் முக்கால்வாசி முங்கிப்போவது தெரியும். தண்ணீரில் போட்டுப் பார்த்து நன்றாக மிதக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது.

அடுத்து கம்பியை ஆட்டிப் பாருங்கள். மேலே தூக்கி விட்டால் தன் எடையிலேயே தடையில்லாமல் கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் அச்சில் துரு அல்லது பிசின்.

பிறகு அந்தப் பட்டை. தகர மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இருந்தால் அதன் மடிப்பை மெதுவாக நிமிர்த்தித் திறக்கலாம். உள்ளே பழைய மாடலில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பியை நெருக்கமாகச் சுற்றிய ஒரு வில்லை இருக்கும், புதியவற்றில் வெள்ளை நிறப் பீங்கான் துண்டின் மேல் கோடு கோடாக அச்சிட்ட பட்டை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நாக்கு போய் வந்த பாதை ஒரு பளபளப்பான வில்லாகத் தெரியும். அந்தப் பாதை கறுத்திருந்தால் சுத்தம் செய்தால் போதும். சுற்றிய கம்பியில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ, அச்சிட்ட கோடு தேய்ந்து அடியில் இருக்கும் வெள்ளை தெரிந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை.

கறுப்புக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து மென்மையான துணியால் துடையுங்கள், போகாத இடத்தில் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், ஒரே இழுப்பில் பட்டையைச் சுரண்டி எடுத்துவிடும். நாக்கின் அழுத்தம் குறைந்திருந்தால் மிக லேசாக, ஒரு மயிரிழை அளவுக்கு, உள்பக்கம் வளைத்துவிடலாம். அழுத்தம் கூடினால் பட்டை சீக்கிரம் தேயும். சுத்தம் செய்தபின் மேலே சொன்ன மெதுவான ஓம் சோதனையை மறுபடி செய்யுங்கள், மாட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் டேங்க்கை இரண்டாம் முறை இறக்க வேண்டி வரும்.

ஓட்டை விழுந்த ஃப்ளோட்டை ஒட்டலாமா?

வேண்டாம். ஒட்டும் பசை பெட்ரோலில் இளகும், இளகாவிட்டாலும் எடை கூடி அளவு தப்பும். பித்தளை மிதவையைச் சால்டரிங் செய்கிறேன் என்று உட்காருவது இதைவிட மோசம், உள்ளே மிச்சமிருக்கும் ஆவி சூட்டில் வெடிக்கும்.

கம்பியை வளைத்து அளவைச் சரிசெய்யலாம் என்கிறார்களே?

சரிசெய்யலாம், எந்தப் பக்கம் வளைப்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். டேங்க் வண்டியில் இருக்கும் நிலையை மனதில் வையுங்கள், கவிழ்த்து வைத்த நிலையை அல்ல. மிதவை கீழே வரும்படி கம்பியை வளைத்தால் மீட்டர் அதிகமாகக் காட்டும், மேலே வளைத்தால் குறைவாகக் காட்டும். மிதவை எப்படியும் பெட்ரோல் மட்டத்தில்தான் நிற்கப்போகிறது, அதனால் வளைத்த அளவுக்கு நாக்குதான் பட்டையின் மேல் இடம் மாறுகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் குறைவாகக் காட்டும் பக்கமே விடுங்கள், முள் காலி என்று சொல்லும்போது உள்ளே ஒன்றரை லிட்டர் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் பாதி ரொம்ப நேரம் நிற்கிறது, அப்புறம் மளமளவென்று இறங்குகிறது. இது பழுதா?

இல்லை, டேங்க்கின் உருவம் அப்படி. பைக் டேங்க் ஃபிரேமின் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மேல்பாதி அகலமான ஒரே அறை, கீழே போகப்போக நடுவில் ஃபிரேம் வந்துவிடுவதால் இரண்டு பக்கமும் ஒடுங்கிய இரண்டு பைகள். மேலே ஒரு சென்டிமீட்டர் இறங்க நிறைய பெட்ரோல் செலவாக வேண்டும், கீழே கொஞ்சம் செலவானாலே ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஃப்ளோட் பார்ப்பது உயரத்தை, லிட்டரை அல்ல. தவிர ஃப்ளோட் கூரைவரை எட்டாது, அதனால் ஃபுல் டேங்க் போட்டபின் முதல் சில கிலோமீட்டருக்கு முள் அசையாமல் நிற்பதும் இயல்புதான்.

சைடு ஸ்டாண்டில் ஒரு அளவு, ஓட்டும்போது வேறு அளவு காட்டுகிறதே?

வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் பெட்ரோலும் இடப்பக்கப் பைக்குப் போய்விடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சமதளத்தில், அரை நிமிடம் விட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவு. மேட்டில் ஏறும்போதும் சடன் பிரேக் பிடிக்கும்போதும் மாறுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முள் சரியாக இருக்கிறது, ரிசர்வ் விளக்கு மட்டும் எரியவில்லை.

விளக்கு எரிய இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. சில வண்டிகளில் மீட்டரே ஃப்ளோட்டின் தடையைப் பார்த்து விளக்கைப் போடும். வேறு சிலவற்றில் டேங்க்கின் அடியில் தெர்மிஸ்டர் என்ற ஒரு சின்னப் பொருள் இருக்கும். பெட்ரோலில் முங்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும், தடை அதிகம், விளக்கு எரியாது. பெட்ரோல் கீழே இறங்கி அது வெளியே தெரிந்தால் தன் வழியே போகும் கரண்ட்டாலேயே சூடாகி, தடை குறைந்து, விளக்கு எரியும். சூடாக நேரம் பிடிப்பதால் சாவி போட்டதும் எரியாமல் கொஞ்சம் தாமதிப்பது சகஜம். முதலில் பல்பு ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள், அதைப் பார்க்காமல் டேங்க்கைக் கழற்றியவர்கள் உண்டு.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ஃப்ளோட் போகிறதா?

எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-இல் நாடு முழுக்க அதுவே சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், ஃப்ளோட்டின் அச்சும் தகடும் துருப்பிடிக்கும். பழைய வண்டியின் ரப்பர் கேஸ்கெட்டும் உப்பும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் தினமும் ஓடும் வண்டியில் பட்டை தேய்வதற்குக் காரணம் உரசல், கப்ளர் கெடுவதற்குக் காரணம் தண்ணீர். எத்தனால் வருவதற்கு முன்பும் இதே ஃப்ளோட்டுகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் நிலைமை தேறியிருக்கிறது. பெட்ரோலில் இருக்கும் கந்தகம் வெள்ளி பூசிய தொடர்பு முனைகளைக் கறுக்க வைக்கும். பிஎஸ்4 பெட்ரோலில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருந்த கந்தகம் பிஎஸ்6-இல் 10 பங்காகக் குறைந்திருக்கிறது.

வாட்டர் வாஷ் செய்ததிலிருந்து முள் வேலை செய்யவில்லை.

கப்ளருக்குள் தண்ணீர். பிரித்து, ஊதி, வெயிலில் காயவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுங்கள். முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும், உள்ளே வயரும் கறுத்திருந்தால் முனையையே வெட்டிப் புதிதாகப் போடுவது நல்லது. டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) கொஞ்சம் தடவி மூடினால் அடுத்த மழைக்குப் பயமில்லை. இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும் வண்டிகள் ஏராளம், அதனால்தான் கப்ளரைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டேங்க் துரு எடுத்தோம், அதற்குப் பிறகு முள் போய்விட்டது.

ஃப்ளோட்டைக் கழற்றாமலேயே ஆசிட்டும் ஜல்லியும் போட்டுக் குலுக்கியிருப்பார்கள். அந்த ஃப்ளோட் இனி தேறாது. எஃப்ஐ வண்டி என்றால் பம்ப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேறு மாடலின் ஃப்ளோட் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

ஓட்டையின் அளவும் நட்டுகளின் இடைவெளியும் ஒத்துப்போனால் உள்ளே போய்விடும், ஆனால் தடை அளவும் கம்பி நீளமும் உங்கள் வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமே. தடை தலைகீழ் என்றால் பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். டூப்ளிகேட் ஃப்ளோட் வாங்குவதானால் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து இரண்டு முனையின் ஓமையும் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஒரிஜினலே பல கம்யூட்டர் பைக்குகளுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும்போது இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

சோதனையில் மீட்டர்தான் பழுது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பழைய முள் மீட்டர் என்றால் ஹெட்லைட் டூமைக் கழற்றி மீட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் பெட்ரோல் கேஜ் சின்னத் திருகுகளால்தான் இணைந்திருக்கும். அவை தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து முறுக்கினாலே முள் உயிர் பெறும். சில வண்டிகளுக்குப் பெட்ரோல் கேஜ் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். முள்ளைக் கையால் பிடுங்கி வேறு இடத்தில் செருகும் வித்தை வேண்டாம், அந்த அச்சு அவ்வளவு நுண்மையானது.

டிஜிட்டல் மீட்டரைப் பழுது பார்ப்பவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், நல்லவர் அமைந்தால் செய்துகொள்ளலாம். முழு மீட்டரையும் மாற்றினால் கிலோமீட்டர் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். பழைய மீட்டரில் இருந்த கணக்கைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை விற்கும்போது கேள்வி வராது.

சரிசெய்யும்வரை எப்படிச் சமாளிப்பது?

டேங்க் அளவையும் மைலேஜையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ் டேங்க் 9.8 லிட்டர், உங்களுக்கு 55 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு லிட்டரைத் தொடாமல் ஒதுக்கி, 7.8 லிட்டருக்கு ஏறக்குறைய 425 கிலோமீட்டர். 400-இல் பங்க்கைத் தேடுங்கள். டிரிப் மீட்டர் இருந்தால் ஃபுல் போட்டதும் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் ஓடோமீட்டரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து அளவு சொல்வது சரிப்படாது, நடுவில் ஃபிரேமின் மேல் இருக்கும் தகடுதான் தெரியுமே தவிர இரண்டு பக்கப் பைகளில் எவ்வளவு கிடக்கிறது என்பது தெரியாது.

புது ஃப்ளோட் மாட்டியாயிற்று. சரியாகக் காட்டுகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

கசிவு பார்க்க ஊற்றிய ஒரு லிட்டரைத் தவிர டேங்க் காலியாக இருப்பதால் இதுதான் நல்ல வாய்ப்பு, அந்த ஒரு லிட்டரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவி ஆஃபில் இருக்கும்போது ஒரு லிட்டர் ஊற்றி, மூடியை மூடி, அப்புறம் சாவியைப் போட்டு முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி ஆஃப், இன்னொரு லிட்டர். நான்கைந்து லிட்டர் வரை இப்படிச் செய்தால் போதும், மேல்பாதியை யாரும் கவலையோடு பார்ப்பதில்லை. சிவப்புக் கோட்டில் முள் தொடும்போது உள்ளே எத்தனை லிட்டர், கடைசியாக மிஞ்சும் கோடு மின்னத் தொடங்கும்போது எத்தனை லிட்டர் என்ற இரண்டு எண்ணையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஆர்சி புத்தக உறையில் ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்தாலும் உதவும்.